ஓப்பன்கார்ட்டில் கடை திறப்பது எப்படி: ஒரு சுங்குடிச் சேலைக் கடையை வைத்து

சின்னாளப்பட்டியில் சுங்குடிச் சேலை விற்கும் என் சித்தி மகளுக்கு வாட்ஸ்அப்தான் கடை. காலையில் பத்துச் சேலைகளின் படம் போடுவாள். மதியத்துக்குள் நான்கு பேர் ஒரே சேலையைக் கேட்பார்கள். மூன்று பேரிடம் "அது போயிருச்சுக்கா" என்று சொல்ல வேண்டும். அட்ரஸ் ஒரு மெசேஜில் வரும், பணம் போட்ட ஸ்க்ரீன்ஷாட் இன்னொன்றில் வரும். ஒரு தீபாவளி சமயம் திருப்பூர் போக வேண்டிய பார்சல் திருப்பத்தூர் போய்ச் சேர்ந்தது. "ஒரு வெப்சைட் போட்டுக் குடுண்ணே" என்று அவள் கேட்டது அதற்கப்புறம்தான்.

மாத வாடகை கட்டினால் கடையை அப்படியே எடுத்துக் கையில் தரும் சேவைகள் இருக்கின்றன. அவசரம் என்றால் அதுவே சரி. ஆனால் எங்களுக்கு மாதாமாதம் கட்ட மனமில்லை. ஹோஸ்டிங்கை (தளத்தை வைக்க இணையத்தில் வாடகைக்குக் கிடைக்கும் இடம்) மட்டும் வாங்கி, அதில் ஓப்பன்கார்ட் போன்ற ஓப்பன் சோர்ஸ் கடை மென்பொருளை நாமே ஏற்றிக்கொள்வது என்று முடிவு செய்தோம். அதை எந்த வரிசையில் செய்ய வேண்டும் என்பதே இந்தக் கட்டுரை. வரிசை என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. மென்பொருளை ஏற்றுவது அரை மணி நேர வேலைதான். நாங்கள் இரண்டு வாரம் திண்டாடியதெல்லாம் பின்னால் செய்ய வேண்டியதை முன்னாலும், முன்னால் செய்ய வேண்டியதைப் பின்னாலும் செய்ததால்.

எந்த மென்பொருள்?

ஏற்கெனவே வேர்ட்பிரஸ் தளம் வைத்திருந்தால் யோசிக்கவே வேண்டாம், அதற்குள்ளேயே கடை அமைக்கும் வூகாமர்ஸ் போடுங்கள். மஜென்டோ பெரிய கடைகளுக்கானது. தேடலுக்கென்று தனி சர்வர் மென்பொருள் கேட்கும், பலர் ஒரே சர்வரைப் பங்கிடும் சாதாரண ஷேர்டு ஹோஸ்டிங்கில் மூச்சு வாங்கும். பிரெஸ்டாஷாப் நல்ல மென்பொருள், ஆனால் எனக்குப் பழக்கமில்லை. நான் எடுத்தது ஓப்பன்கார்ட். டேனியல் கெர் உருவாக்கியது, ஜிபிஎல் 3 உரிமத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. பிஎச்பி என்ற நிரல்மொழியும், தகவலைச் சேமிக்கும் மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸும் இருந்தால் ஓடும். நிர்வாகப் பக்கம் கடைக்காரர் மண்டைக்கு ஏறும்படி இருக்கிறது. சித்தி மகளுக்கு ஒரு மாலையில் சொல்லிக்கொடுத்துவிட்டேன்.

மென்பொருள் இலவசம் என்றால் கடை இலவசம் என்று அர்த்தமில்லை. டொமைன் (தளத்தின் முகவரிப் பெயர்), ஹோஸ்டிங், சில சமயம் ஒன்றிரண்டு எக்ஸ்டென்ஷன் (கூடுதல் வசதிக்காக ஒட்டும் மென்பொருள் துண்டு) என்று செலவு உண்டு.

டவுன்லோடு பட்டனை அமுக்கும் முன்

முதலில் பேமென்ட் கேட்வேயை, அதாவது வாடிக்கையாளர் இணையத்தில் கட்டும் பணத்தை வாங்கித் தரும் சேவையை, முடிவு செய்யுங்கள். ஓப்பன்கார்ட்டில் 3-ஆம் வரிசை, 4-ஆம் வரிசை இரண்டுமே புழக்கத்தில் இருக்கின்றன. ஒன்றுக்கு எழுதிய எக்ஸ்டென்ஷன் இன்னொன்றில் வேலை செய்யாது. புதியதுதானே நல்லது என்று நான் 4-ஐ ஏற்றி, டிசைன் எல்லாம் செய்து முடித்த பிறகு பார்த்தால், நாங்கள் கணக்குத் தொடங்கிய கேட்வேயின் எக்ஸ்டென்ஷன் 3-க்குத்தான் இருந்தது. அத்தனையையும் அழித்துவிட்டு மறுபடி பிள்ளையார் சுழி. உங்கள் கேட்வே எந்தப் பதிப்புக்கு எக்ஸ்டென்ஷன் தருகிறது என்று பார்த்துவிட்டு, அந்தப் பதிப்பை இறக்குங்கள். கீழே சொல்வதெல்லாம் 3-ஆம் வரிசையை வைத்து. 4-இல் மெனு கொஞ்சம் இடம் மாறியிருக்கும், வேலை ஒன்றுதான்.

அடுத்தது டொமைன். அது உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலில் பதிவாகியிருக்க வேண்டும். சைட் செய்து தருபவர் "நானே எடுத்துக்கறேன்" என்பார். வேண்டாம். எங்கள் தெருக்காரர் ஒருவரின் கடைப் பெயர் இன்றுவரை டிசைனர் கணக்கில் மாட்டிக்கொண்டிருக்கிறது.

ஹோஸ்டிங் வாங்கும்போது முதல் வருட விலையைப் பார்க்காமல் புதுப்பிக்கும் விலையைப் பாருங்கள், பெரும்பாலும் அது இரண்டு மூன்று மடங்கு இருக்கும். சிபேனல் (ஹோஸ்டிங்கை நிர்வகிக்கும் பக்கம்) இருக்கிறதா, பிஎச்பி பதிப்பை நாமே மாற்ற முடியுமா, இலவச எஸ்எஸ்எல் (தளத்துக்குப் போய்வரும் தகவலைப் பாதுகாக்கும் சான்றிதழ்) உண்டா என்று கேளுங்கள். சர்வர் இந்தியாவில் இருந்தால் நம் ஊர் வாடிக்கையாளருக்குப் பக்கம் சீக்கிரம் திறக்கும். ஓப்பன்கார்ட் 4-க்கு பிஎச்பி 8 வேண்டும். 3-இன் பழைய வெளியீடுகள் அதே பிஎச்பி 8-இல் திணறும். வெள்ளைப் பக்கம் மட்டும் வந்தால் முதல் சந்தேகம் இங்கேதான்.

டொமைனை ஹோஸ்டிங்கோடு இணைத்ததும் எஸ்எஸ்எல் வந்துவிட்டதா என்று பாருங்கள், பூட்டுப் படம் தெரிய வேண்டும். இதை முதலில் முடித்துவிட்டு, பூட்டோடு திறக்கும் முகவரியிலேயே இன்ஸ்டாலரை ஓட்டினால், ஓப்பன்கார்ட் தன் அமைப்புகளை வைத்திருக்கும் கான்ஃபிக் ஃபைலில் அந்தப் பாதுகாப்பான முகவரியையே எழுதிக்கொள்ளும். பின்னால் போய் ஒவ்வொரு வரியாகத் திருத்தும் வேலை மிச்சம்.

ஏற்றுவது

சிபேனலில் சாஃப்டாகுலஸ் என்று ஒன்று இருக்கும். ஒரே கிளிக்கில் ஓப்பன்கார்ட்டைப் போட்டுவிடும். தவறில்லை. ஆனாலும் முதல் கடையைக் கையால் ஏற்றுங்கள் என்பேன். என்றைக்காவது பழுதானால் எந்த ஃபைல் எங்கே இருக்கிறது என்று தெரிந்திருக்கும்.

முதலில் டேட்டாபேஸ். சிபேனலில் மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸ் விசார்டைத் திறந்து டேட்டாபேஸுக்கு ஒரு பெயர், அடுத்து யூசருக்கு ஒரு பெயர், பாஸ்வேர்டு கொடுங்கள். கடைசியில் அந்த யூசருக்கு ஆல் பிரிவிலேஜஸ் டிக் செய்ய வேண்டும். புதியவர்கள் விழும் பள்ளம் இங்கே ஒன்று உண்டு. நீங்கள் 'கடை' என்று பெயர் வைத்தாலும் சிபேனல் அதற்கு முன்னால் உங்கள் ஹோஸ்டிங் கணக்கின் பெயரையும் ஒரு அண்டர்ஸ்கோரையும் ஒட்டிவிடும். கணக்கு 'சுங்குடி' என்றால் உண்மையான பெயர் 'சுங்குடி_கடை' (ஆங்கில எழுத்தில்தான் இருக்கும், புரிவதற்காக இப்படி எழுதுகிறேன்). யூசர் பெயருக்கும் இதே கதை. இன்ஸ்டாலரில் வெறும் 'கடை' என்று அடித்துவிட்டு, பாஸ்வேர்டு தப்போ என்று அதையே நான்கு தடவை மாற்றினேன். முழுப் பெயரையும் நோட்டில் எழுதிவையுங்கள்.

இப்போது ஃபைல்கள். இறக்கிய ஜிப்பைப் பிரித்தால் உள்ளே அப்லோட் என்று ஒரு ஃபோல்டர் இருக்கும். அந்த ஃபோல்டரை அப்படியே ஏற்றக் கூடாது, அதற்குள் இருப்பவற்றை ஏற்ற வேண்டும். அப்படியே ஏற்றினால் கடை உங்கள் டொமைனில் திறக்காது, டொமைனுக்குப் பின்னால் ஒரு சாய்கோடும் அப்லோடும் போட்டால்தான் திறக்கும். உள்ளே இருப்பவற்றை மட்டும் மறுபடி ஒரு ஜிப்பாக்கி, சிபேனல் ஃபைல் மேனேஜரில் பப்ளிக் ஹெச்டிஎம்எல் ஃபோல்டருக்குள் ஏற்றி, அங்கேயே எக்ஸ்ட்ராக்ட் செய்யுங்கள். ஆயிரக்கணக்கான குட்டி ஃபைல்களை எஃப்டிபியில் ஒவ்வொன்றாக அனுப்புவதைவிட இது பல மடங்கு வேகம்.

பிறகு 'கான்ஃபிக்-டிஸ்ட்' என்ற பிஎச்பி ஃபைலின் பெயரை வெறும் 'கான்ஃபிக்' என்று மாற்றுங்கள். இதே பெயரில் இன்னொரு ஃபைல் அட்மின் ஃபோல்டருக்குள்ளும் இருக்கிறது, அதையும் மாற்ற வேண்டும். இரண்டாவதைத்தான் எல்லோரும் மறப்பார்கள்.

பிரவுசரில் உங்கள் டொமைனைத் திறந்தால் இன்ஸ்டாலர் தானாக வரும். உரிமம், பிறகு சர்வர் சோதனை. சோதனைப் பக்கத்தில் எல்லாம் பச்சையாக இருக்க வேண்டும். ஏதாவது சிவப்பாக இருந்தால் சிபேனலில் பிஎச்பி எக்ஸ்டென்ஷன் பக்கம் போய் அதை டிக் செய்துவிட்டு வாருங்கள். அடுத்த பக்கத்தில் டேட்டாபேஸ் விவரம். ஹோஸ்ட் என்ற இடத்தில் லோக்கல்ஹோஸ்ட் என்பதும், போர்ட் 3306 என்பதும் ஏற்கெனவே நிரம்பியிருக்கும், தொட வேண்டாம். அட்மின் பெயரை மட்டும் 'அட்மின்' என்றே விட்டுவிடாதீர்கள்.

முடிந்ததும் இரண்டு வேலை பாக்கி. இன்ஸ்டால் ஃபோல்டரை அழிக்க வேண்டும். அட்மினுக்குள் முதல் தடவை நுழையும்போது, ஸ்டோரேஜ் ஃபோல்டரைப் பொதுப் பார்வையிலிருந்து வெளியே நகர்த்தச் சொல்லி ஒரு பெட்டி எழும். பயந்து மூடிவிடாமல், தானாக நகர்த்தும் பட்டனை அமுக்கிவிடுங்கள்.

கடை இன்னும் பிரிட்டனில் இருக்கிறது

ஓப்பன்கார்ட் திறந்ததும் ஐஃபோன், மேக்புக், கேனான் கேமரா எல்லாம் அடுக்கி வைத்திருக்கும். விலை டாலரில். கடையின் நாடு பிரிட்டன். வரி 20 சதவீத வாட். எல்லாம் மாதிரிக்காக வைத்தவை. சேலை ஏற்றும் ஆசையில் இதை அப்படியே விட்டால் பின்னால் ரொம்பப் படுத்தும்.

சிஸ்டம் மெனுவில் லோக்கலைசேஷன், அதில் கரன்சீஸ். இந்திய ரூபாயைச் சேருங்கள், குறி ₹, மதிப்பு 1. அதன் பிறகுதான் செட்டிங்ஸில் உங்கள் கடையைத் திறந்து லோக்கல் டேபில் நாடு, மாநிலம், கரன்சியை மாற்ற முடியும். மற்ற கரன்சிகளை முடக்கிவிடுங்கள். மாதிரிப் பொருட்களை மொத்தமாக அழிக்கும் முன் அதில் ஒன்றைத் திறந்து ஒவ்வொரு டேபையும் ஒரு பார்வை பார்ப்பது நல்லது, எதில் என்ன நிரப்ப வேண்டும் என்று பிடிபட்டுவிடும்.

வரியில்தான் எனக்குத் தலை சுற்றியது. தமிழ்நாட்டுக்குள் விற்றால் மத்திய அரசுக்கான சிஜிஎஸ்டி பாதி, மாநில அரசுக்கான எஸ்ஜிஎஸ்டி பாதி. வெளி மாநிலத்துக்கு அனுப்பினால் முழுவதும் ஐஜிஎஸ்டி. ஓப்பன்கார்ட்டில் இதற்கு ஜியோ சோன் (இடங்களின் தொகுப்பு) இரண்டு வேண்டும்: ஒன்றில் தமிழ்நாடு மட்டும், இன்னொன்றில் மற்ற மாநிலங்கள். ஒவ்வொரு மாநிலமாகச் சேர்க்கச் சோம்பல்பட்டு இரண்டாவதில் 'இந்தியா, எல்லா சோனும்' என்று போட்டேன். விளைவு, மதுரைக்காரருக்குச் சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி, ஐஜிஎஸ்டி மூன்றும் விழுந்தது. எல்லா சோன் என்றால் தமிழ்நாடும் அதில் சேர்த்திதானே! உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சேர்ப்பதைத் தவிர வழியில்லை. சோன் சரியானதும் டாக்ஸ் ரேட்டில் மூன்று விகிதங்களை அந்தந்த சோனுக்குப் போட்டு, டாக்ஸ் கிளாஸில் மூன்றையும் 'ஷிப்பிங் அட்ரஸ்' அடிப்படையில் சேருங்கள்.

விலை விஷயத்தில் இன்னொரு நெருடல். நம் ஊரில் 1000 ரூபாய் என்றால் வரியும் சேர்த்துத்தான். ஓப்பன்கார்ட் வரி சேர்க்காத விலையைக் கேட்டு, மேலே தானாக வரி போடும். பருத்திச் சேலைக்கு 5 சதவீதம் என்றால் 1000-ஐ 1.05-ஆல் வகுக்க வேண்டும். 952.38 என்று நிறுத்தாமல் 952.3810 என்று நான்கு இலக்கம் வரை போடுங்கள். ஒரு சேலைக்கு வித்தியாசம் தெரியாது. பத்துச் சேலை எடுத்தால் முந்தையது 9999.99 என்று காட்டும், பிந்தையது 10000. ஒரு பைசாவுக்காக ஃபோன் போட்டுக் கேட்டவரும் உண்டு.

ஜிஎஸ்டி பதிவே இல்லாதவர்கள் வரி போடக் கூடாது. மாநிலம் விட்டு மாநிலம் அனுப்புவதென்றால் விற்பனை குறைவாக இருந்தாலும் பொதுவாகப் பதிவு தேவைப்படும். உங்கள் ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

சேலைகளை அடுக்குவது

கையால் முடிச்சுப் போட்டுச் சாயம் தோய்ப்பதால் ஒரு சுங்குடியைப் போல இன்னொன்று இருக்காது. அதனால் ஒவ்வொன்றுக்கும் குவான்டிட்டி 1, சப்ட்ராக்ட் ஸ்டாக் (விற்றதும் இருப்பைக் கழிப்பது) 'யெஸ்'. இந்த ஒரு செட்டிங்தான் 'அது போயிருச்சுக்கா' பிரச்சினைக்கு மருந்து. ஆனால் கூடையில் போட்டதும் சேலை ஒதுக்கப்படாது, ஆர்டரை முதலில் முடித்தவருக்கே சேலை.

ஃபோனில் எடுத்த படம் ஒவ்வொன்றும் நான்கைந்து எம்பி இருக்கும். அகலம் 1200 பிக்சலுக்குச் சுருக்கிவிட்டு ஏற்றுங்கள். இல்லாவிட்டால் ஹோஸ்டிங் இடமும் தீரும், பக்கமும் நகராது.

பெயரும் விளக்கமும் தாராளமாகத் தமிழில் எழுதலாம், சேமிப்பதில் சிக்கல் இல்லை. எஸ்ஈஓ டேபில் கொடுக்கும் முகவரிச் சொல்லை மட்டும் ஆங்கில எழுத்தில் வையுங்கள். தமிழில் வைத்தால் பிரவுசரில் அழகாகத்தான் தெரியும். வாட்ஸ்அப்பில் ஒட்டும்போது ஒவ்வொரு எழுத்தும் சதவீதக் குறிகளாக உடைந்துவிடும். 'சேலை' என்ற ஈரெழுத்துச் சொல்லே எழுத்தும் எண்ணும் சதவீதக் குறியுமாக 36 இடம் நீளும். அதைப் பார்ப்பவர் வைரஸ் லிங்க் என்று நினைத்துத் தொடமாட்டார்.

இந்த முகவரிச் சொற்கள் வேலை செய்ய செட்டிங்ஸில் சர்வர் டேபில் எஸ்ஈஓ யூஆர்எல்லை இயக்க வேண்டும். அதோடு ஹெச்டி-ஆக்சஸ் என்ற ஃபைலின் வாலில் இருக்கும் 'டெக்ஸ்ட்' என்ற பகுதியை எடுத்துப் பெயரை மாற்ற வேண்டும். ஃபைல் மேனேஜரில் அந்த ஃபைலே கண்ணில் படவில்லையா? பெயர் புள்ளியில் ஆரம்பிப்பதால் மறைந்திருக்கும். மேலே செட்டிங்ஸில் மறைந்த ஃபைல்களைக் காட்டச் சொல்லுங்கள்.

கூரியர் கட்டணம்

எக்ஸ்டென்ஷன் மெனுவில் ஷிப்பிங்கைத் தேர்ந்தெடுத்து, எடைப்படி கட்டணம் என்பதை இன்ஸ்டால் செய்யுங்கள். ஒவ்வொரு ஜியோ சோனுக்கும் ஒரு கட்டம் இருக்கும். அதில் 0.5:50,1:80,2:140 என்று எழுதினால் அரைக் கிலோ வரை 50 ரூபாய், ஒரு கிலோ வரை 80, இரண்டு கிலோ வரை 140 என்று பொருள். இரண்டு விஷயம் ஞாபகம் இருக்கட்டும். பொருளில் எடை நிரப்பாமல் விட்டால் அது பூஜ்யம், எத்தனை சேலை வாங்கினாலும் முதல் படிக் கட்டணம்தான். ஐந்து சேலைப் பார்சலை 50 ரூபாய்க்கு கோயம்புத்தூர் அனுப்பி நஷ்டப்பட்டிருக்கிறோம். கடைசிப் படியைத் தாண்டிய எடை வந்தால் ஷிப்பிங் வழியே இல்லை என்று காட்டி ஆர்டரை நிறுத்திவிடும். மொத்தமாக வாங்க வந்தவர் அப்படியே திரும்பிப் போவார். அதனால் கடைசிப் படியைத் தாராளமாக 20 கிலோ வரை வையுங்கள்.

பணம்

கேஷ் ஆன் டெலிவரி ஓப்பன்கார்ட்டோடே வருகிறது. அதைத் தமிழ்நாட்டு சோனுக்கு மட்டும் திறந்து வைத்தோம், தூரத்திலிருந்து திரும்பி வரும் பார்சலுக்கு இரண்டு பக்கமும் கூரியர் காசு நம்முடையது.

யுபிஐ, கார்டுக்கு கேட்வே எக்ஸ்டென்ஷன். எக்ஸ்டென்ஷன் மெனுவில் இன்ஸ்டாலர் வழியாக ஏற்றி, மாடிஃபிகேஷன்ஸ் பக்கத்தில் ரெஃப்ரெஷ் செய்து, பேமென்ட்ஸ் பட்டியலில் பச்சைப் பட்டனை அமுக்கி, கேட்வே தரும் சாவிகளை (ரகசியக் குறியீடுகள்) ஒட்டுங்கள். முதலில் டெஸ்ட் சாவி. அசல் சாவி தருவதற்கு முன் கேட்வே நிறுவனம் உங்கள் தளத்தில் தொடர்பு, திரும்பப் பெறுதல், தனியுரிமை, டெலிவரி பற்றிய பக்கங்கள் இருக்கின்றனவா என்று பார்க்கும். முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

அசல் சாவி போட்ட மூன்றாம் நாள் ஈரோட்டிலிருந்து ஒரு அக்கா கூப்பிட்டார். பணம் போய்விட்டது, ஆர்டர் மெயில் வரவில்லை என்றார். அட்மினில் ஆர்டர் இல்லை. கேட்வே பக்கத்தில் பணம் இருக்கிறது. ஒரு மணி நேரம் தேடியபின் புரிந்தது: ஆர்டர் பட்டியலின் ஃபில்டரில் 'மிஸ்ஸிங் ஆர்டர்ஸ்' என்று ஒன்று இருக்கிறது. வாடிக்கையாளர் பணம் கட்டும் கட்டம் வரை வந்ததும் ஓப்பன்கார்ட் ஆர்டரை நிலை எதுவும் இல்லாமல் எழுதி வைக்கிறது. பணம் கட்டிவிட்டு நம் பக்கத்துக்குத் திரும்பி வந்தால்தான் அது முழு ஆர்டராகிறது. அந்த அக்கா யுபிஐ ஆப்பில் பணம் கட்டியதும், வேலை முடிந்தது என்று ஃபோனைக் கீழே வைத்துவிட்டார். பிரவுசர் திரும்பி வரவேயில்லை.

தப்பு என்னுடையது. வெப்ஹுக் என்று ஒரு ஏற்பாடு உண்டு, பணம் விழுந்ததும் கேட்வேயின் சர்வரே நேராக நம் கடைக்குத் தகவல் சொல்லும், வாடிக்கையாளர் திரும்பி வந்தாலும் வராவிட்டாலும். எக்ஸ்டென்ஷன் பக்கத்தில் ஒரு முகவரி கொடுத்திருந்தார்கள். அதை கேட்வேயின் டாஷ்போர்டில் ஒட்டச் சொல்லி எழுதியும் இருந்தது. நான் அப்புறம் பார்க்கலாம் என்று தள்ளிவிட்டிருந்தேன். யுபிஐ இருக்கும் ஊரில் இதைத் தள்ளிப்போடவே கூடாது.

மெயில்

ஓப்பன்கார்ட் முதலில் சர்வரின் சாதாரண மெயில் வழியை நம்பியிருக்கும். பல ஹோஸ்டிங்கில் அது முடக்கப்பட்டிருக்கும், போனாலும் ஸ்பேமில் விழும். சிபேனலில் உங்கள் டொமைன் பெயரில் ஒரு மெயில் முகவரி உண்டாக்குங்கள். செட்டிங்ஸ் மெயில் டேபில் எஸ்எம்டிபி (அந்த மெயில் கணக்கு வழியாகவே அனுப்பும் முறை) என்று மாற்றி, ஹோஸ்ட் பெயருக்கு முன்னால் எஸ்எஸ்எல் முன்னொட்டைச் சேர்த்து, போர்ட் 465 போடுங்கள். பிறகு சிபேனலின் ஈமெயில் டெலிவரபிலிட்டி பக்கத்தில் எஸ்பிஎஃப், டிகேஐஎம் (மெயில் உங்கள் டொமைனிலிருந்துதான் வருகிறது என்று காட்டும் பதிவுகள்) இரண்டும் சரியாக இருக்கின்றனவா என்று பாருங்கள்.

திறப்பு விழாவுக்கு முன்

ஒரு ரூபாய்க்கு ஒரு பொருள் உண்டாக்கி, அசல் பணம் கட்டி வாங்கிப் பாருங்கள். உங்கள் கம்ப்யூட்டரில் வேண்டாம், வீட்டில் இருப்பவர் யாருடைய ஃபோனிலாவது, வைஃபையை அணைத்துவிட்டு, மொபைல் டேட்டாவில். எங்கள் சித்தி தன் ஃபோனில் வாங்கப் பார்த்தபோதுதான் பின்கோடு கட்டம் விசைப்பலகைக்கு அடியில் ஒளிந்துகொள்வது தெரிந்தது. யுபிஐயில் கட்டிவிட்டு வேண்டுமென்றே பிரவுசரை மூடியும் ஒரு தடவை சோதியுங்கள். பிறகு அந்த ஒரு ரூபாயை ரீஃபண்டும் செய்து பாருங்கள், நிஜ வாடிக்கையாளருக்குச் செய்யும்போது கை நடுங்காது.

பேக்கப் எடுப்பதற்கு டேட்டாபேஸ், இமேஜ் ஃபோல்டர், வெளியே நகர்த்திய ஸ்டோரேஜ் ஃபோல்டர், இரண்டு கான்ஃபிக் ஃபைல்கள், இவ்வளவும் சேர வேண்டும். ஹோஸ்டிங்கிலேயே வைத்தால் அது பேக்கப் இல்லை, வீட்டுக் கம்ப்யூட்டரிலோ பென்டிரைவிலோ இருக்கட்டும். எங்கள் கடைக்கு ஞாயிறு இரவு எடுக்கிறோம். தீம் மாற்றும் முன்பும், எக்ஸ்டென்ஷன் ஏற்றும் முன்பும், புதிய பதிப்புக்குப் போகும் முன்பும் தனியாக ஒன்று. எடுத்த பேக்கப்பை ஒரு சப்டொமைனில் (உங்கள் டொமைனுக்குக் கீழே வரும் தனி முகவரி) விரித்துக் கடை எழுந்து நிற்கிறதா என்று ஒரு முறையாவது பார்த்துவிடுங்கள். அப்படி விரித்துப் பார்த்தபோது எங்கள் முதல் பேக்கப்பில் சேலைப் படம் ஒன்றுகூட இல்லை, டேட்டாபேஸ் மட்டும்தான் இருந்தது.